எப்போதும் எரியும் ரெட் டாட்: பிரைட்னஸை எந்த அளவில் விட்டுவைப்பது?

சித்திரை முடியும் சமயம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்து, ஏர் ரைஃபிளில் புதிதாக மாட்டிய ரெட் டாட்டை, அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவியை, பொறுமையாக ஜீரோ செய்து (புள்ளி நிற்கும் இடத்திலேயே குண்டு படும்படி திருத்தி), புள்ளியின் வெளிச்சத்தையும் கண்ணுக்கு இதமான ஓர் அளவில் வைத்துவிட்டு எழுந்தேன். கடுகளவுகூட இல்லாத சிவப்புப் புள்ளி, ஓரம் கலங்காமல் அழகாக இருந்தது. எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ரகம் என்பதால் அணைக்கவும் இல்லை. மறுநாள் உச்சிவெயிலில் மாமா மகன் வந்து, "அத்தான், ஒருதடவை பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்கி, நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தைத் தாண்டி மணல் மூட்டைக்கு முன்னால் வைத்திருந்த அட்டையைக் குறிபார்த்தான். "புள்ளியே இல்லையே அத்தான், பேட்டரி போயிடுச்சா?"

பேட்டரி போகவில்லை. புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது, களத்து வெளிச்சம் அதை விழுங்கிவிட்டது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை நான்கு கிளிக் ஏற்றியதும் வந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலத்துக்கும் மறுநாள் மதியத்துக்கும் நடுவே இருந்த அந்த நான்கு கிளிக்கைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் ரெட் டாட் வாங்குகிறவர்கள் கண்ணாடி, மவுண்ட் (துப்பாக்கியில் பொருத்தும் பிடிமானம்), புள்ளியின் அளவு எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, பிரைட்னஸை மட்டும் கடையிலோ கட்டிலிலோ உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவு குறைந்தால் புள்ளி காணாமல் போகும். அளவு கூடினால் புள்ளி பருத்துத் தெரியும், கண் கொஞ்சம் கூசும். இரண்டும் கோளாறுதான் என்றாலும் இரண்டுக்கும் ஒரே எடை கிடையாது. பருத்த புள்ளியை நடுவில் வைத்து ஓரளவு ஒழுங்காகவே சுடலாம், காணாத புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே அணைக்காமல் விட்டுவைக்கும் சைட்டில் (குறிபார்க்கும் கருவியைத்தான் சைட் என்கிறோம்) தவறுவதானால் வெளிச்சப் பக்கம் தவறுங்கள். எவ்வளவு தூரம் என்பதில்தான் பேட்டரியும் உங்கள் கண்ணும் குறுக்கே வரும்.

நான் பேசுவது ஏர் ரைஃபிளை வைத்து. நம் நாட்டில் 2016 ஆயுத விதிகள்படி 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட குண்டின் ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதற்கு மேல் போனால் தேவை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியோடு கிளப்புக்குப் போகிறவர்களுக்கும் பிரைட்னஸ் கணக்கு இதுவேதான். இன்னொன்று. கொக்கு, மடையான், நாற்றங்காலை மிதிக்கும் மயில் என்று யாராவது ஆசையோடு படிக்க வந்திருந்தால் இங்கேயே நின்றுகொள்ளலாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மயில் தேசியப் பறவை வேறு. அட்டை, டப்பா, பின்னால் மணல் மூட்டை. அவ்வளவுதான் என் உலகம்.

சரி, புள்ளி எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் சுலபம். சைட்டுக்குள் ஒரு சின்ன எல்இடி இருக்கிறது, அலைநீளம் ஏறக்குறைய 650 நானோமீட்டர், நல்ல சிவப்பு. அது முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் பட்டு உங்கள் கண்ணுக்குத் திரும்புகிறது. அந்தக் கண்ணாடியின் பூச்சு சிவப்பை மட்டும் திருப்பியனுப்பி மற்ற நிறங்களை உள்ளே விடும். அதனால்தான் ரெட் டாட் வழியாகப் பார்த்தால் வயல் லேசாக நீலம் பாய்ந்தமாதிரி தெரிகிறது. கண்ணுக்கு வருவது இரண்டு வெளிச்சம்: தூரத்துக் காட்சியின் வெளிச்சம், அதன் மேல் ஒட்டவைத்த புள்ளியின் வெளிச்சம். பின்னணியைவிடப் புள்ளி தூக்கலாக இருந்தால் தெரியும், இல்லாவிட்டால் கரைந்துவிடும். நீங்கள் நிழலில் நிற்கிறீர்களா, வெயிலில் நிற்கிறீர்களா என்பது இரண்டாம்பட்சம். குறி எங்கே இருக்கிறது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வெளிச்ச வித்தியாசம் நாம் நினைப்பதைவிடப் பெரியது. லக்ஸ் என்ற வெளிச்ச அலகில் சொன்னால், உச்சிவெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். டியூப்லைட் போட்ட கூடம் சில நூறு லக்ஸ். பௌர்ணமி நிலவு கால் லக்ஸ்தான். கண்ணின் பாப்பா சுருங்கி விரிந்து சமாளித்துக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை, புள்ளிக்கு உறைக்கும். இத்தனை பெரிய வீச்சைப் பத்துப் பன்னிரண்டு படிகளுக்குள் அடக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு கிளிக்கும் கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். ஒரே ஒரு கிளிக்தானே என்று மேலே தள்ளும்போது பேட்டரியிலிருந்து போவதும் அந்தக் கணக்கில்தான்.

அளவு பார்க்கும் வேலைக்கு வருவோம். பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) போடாதீர்கள், குழல் மணல் மூட்டைப் பக்கமே இருக்கட்டும், சுட வேண்டிய அவசியமே இல்லை.

பகல் பதினொன்றிலிருந்து இரண்டுக்குள், மேகம் இல்லாத நாளாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுடும் இடத்திலேயே மிக வெளிச்சமான பின்னணி எது என்று தேடுங்கள். எங்கள் வீட்டில் அது சிமெண்டுக் களம். உங்களுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவராக இருக்கலாம், தண்ணீர் கட்டிய வயலில் பளபளக்கும் வானமாக இருக்கலாம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பளத்தைவிட மோசமான பின்னணி வேறு கிடைக்காது. அந்தப் பின்னணியின் முன்னால் வெள்ளைக் காகிதம் ஒன்றை ஒட்டிவிட்டு, நீங்கள் போய் நிழலில் நில்லுங்கள். பம்புசெட் கொட்டகை வாசலுக்குள்ளே நின்று பார்த்தால் இன்னும் நல்லது, உள்ளே இருட்டு வெளியே வெயில் என்பதுதான் இருப்பதிலேயே கடினமான பரீட்சை.

இப்போது குமிழைக் கடைசிக் கீழ்ப் படிக்கு இறக்கிவிட்டு, இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, காகிதத்தைப் பாருங்கள். புள்ளியைத் தேடாதீர்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள்: புள்ளியை உற்றுப் பார்த்தால் மங்கலான புள்ளிகூடத் தெரியும், ஆனால் சுடும்போது உங்கள் கண் குறியின் மேல் இருக்குமே தவிர புள்ளியின் மேல் இருக்காது. காகிதத்தின் ஓரத்தை, அதில் உள்ள ஒரு கிழிசலைக் கூர்ந்து பார்த்தபடியே ஒவ்வொரு கிளிக்காக ஏற்றுங்கள். எந்தப் படியில் புள்ளி தானாக வந்து கண்ணில் படுகிறதோ, அதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு படி கூடுதலாக ஏற்றி நிறுத்துங்கள். பிறகு ரைஃபிளைக் கீழே இறக்கி, கண்ணை வேறெங்காவது திருப்பி, சட்டென்று தோளுக்குக் கொண்டுவாருங்கள். பத்து தடவை செய்து பார்த்தால் பத்துத் தடவையும் புள்ளி தேடாமல் கிடைக்க வேண்டும். ஒரு தடவை தேட வேண்டியிருந்தால்கூட இன்னொரு கிளிக்.

அட்டையில் சுடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் நடுக் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர்தான். கறுப்பின் மேல் எந்த ரெட் டாட்டும் ராஜா மாதிரி தெரியும், அதைப் பார்த்து அளவு வைத்துவிட்டு வெள்ளைக்கு நகர்ந்தால் காணாமல் போகும். ஆகவே எப்போதும் வெள்ளையில்தான் பரிசோதனை. (போட்டியில் பத்து மீட்டர் ரைஃபிளுக்கு ரெட் டாட் அனுமதி கிடையாது, ஆகவே இதெல்லாம் பொழுதுபோக்குக்குத்தான்.)

பகல் அளவு கிடைத்துவிட்டது. அன்றைக்கே பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரத்தில் அதே அளவை மாற்றாமல் திரும்பப் பாருங்கள். புள்ளி மத்தாப்பு மாதிரி சிதறித் தெரியும், அது சகஜம், பயப்பட வேண்டாம். கேள்வி ஒன்றுதான்: அந்தச் சிதறலுக்குப் பின்னால் குறி தெரிகிறதா? புள்ளியின் அளவை எம்ஓஏ என்ற கோண அலகில் சொல்வார்கள், 25 மீட்டரில் 2 எம்ஓஏ புள்ளி ஒன்றரை சென்டிமீட்டரைத்தான் மறைக்க வேண்டும். 6 எம்ஓஏ என்றால் நாலரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதிக வெளிச்சத்தில் 2 எம்ஓஏ புள்ளியே 6 மாதிரி பருத்து நிற்கும். டப்பா மறைந்துபோகிற அளவுக்குப் பருத்தால் ஒரு கிளிக் இறக்கிவிட்டு, பகலில் ஒருதடவை மறுபடி பாருங்கள். என் அனுபவத்தில் பகலில் தேறிய அளவு அந்தி நேரத்தில் கூசும், ஆனால் வேலை செய்யும். அந்தியில் இதமாக இருந்த அளவு பகலில் வேலையே செய்யாது. நான்கு கிளிக் கதை நினைவிருக்கிறதல்லவா.

இதற்கு நடுவில் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புள்ளி சிதறினால் எல்லோரும் முதலில் சைட்டைத்தான் திட்டுகிறார்கள். புள்ளி வட்டமாக இல்லாமல் வால்நட்சத்திரம் மாதிரி, திராட்சைக் கொத்து மாதிரி தெரிகிறதா? ரைஃபிளைப் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். வாலும் சைட்டோடு சேர்ந்து சுற்றினால் கோளாறு சைட்டில். சைட் சாய்ந்தும் வால் அதே திசையில் நின்றால் கோளாறு உங்கள் கண்ணில், கண்ணாடிக் கடையில் சிலிண்டர் பவர் என்று சொல்வார்களே, அது. எனக்கு இடது மேல் பக்கம் ஒரு வால் உண்டு, ஒரு மாதம் சைட்டைச் சந்தேகப்பட்ட பிறகுதான் கண்ணைச் சந்தேகப்பட்டேன். சிலிண்டர் சரிசெய்த கண்ணாடி போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். கண்ணாடி கையில் இல்லாவிட்டால் ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு, துளை வழியாகப் புள்ளியைப் பாருங்கள், சட்டென்று உருண்டையாகிவிடும். பாப்பா சுருங்கினால் கண்ணின் குறைகள் மறையும், விரிந்தால் வெளிப்படும். பகலில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும் பாப்பா இருட்டில் ஏழு வரை விரிகிறது, அதனால்தான் பகலில் உருண்டையாக இருந்த அதே புள்ளி ராத்திரியில் வால் முளைத்துத் திரிகிறது. சிலிண்டர் கண்காரர்கள் நான் மேலே சொன்ன "ஒரு படி கூடுதல்" என்பதை அரைமனதோடு எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கூடுதல் வெளிச்சத்தின் தண்டனை மற்றவர்களைவிட அதிகம்.

செல்போனை வைத்துப் படமெடுத்து, "பாருங்க எவ்வளவு சிதறுது" என்று அனுப்புகிறவர்களுக்கு என் ஒரே பதில், போன் கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தை ஏற்றி இறக்கும், அந்தப் படத்தை வைத்துப் பிரைட்னஸ் முடிவு செய்யாதீர்கள்.

பேட்டரிக் கணக்கு

கம்பெனிகள் பெட்டியில் போடும் எண்களைப் பார்த்து வாய் பிளக்கும் முன் அந்த எண் எந்தப் படிக்கு என்று பாருங்கள். எய்ம்பாயிண்ட் கம்பெனியின் டி-2 சைட்டுக்கு 50,000 மணி நேரம் என்பது பன்னிரண்டு படியில் எட்டாவது படிக்கு. அதே கம்பெனியின் பிஆர்ஓ 30,000 மணி நேரம் என்பது பத்தில் ஏழாவது படிக்கு. காம்ப் எம்4 பெரிய ஏஏ பேட்டரியில் 80,000 மணி நேரம், பதினாறில் பன்னிரண்டாவது படிக்கு. டிரிஜிகான் கம்பெனியின் ஆர்எம்ஆர் நான்கு வருடத்துக்கு மேல் என்பது எட்டில் நான்காவது படிக்கு. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம், ஆக 50,000 என்பது ஐந்தே முக்கால் வருடம், 30,000 மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு.

சிஆர்2032 பட்டன் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 225 மில்லி ஆம்பியர் மணி. அதை 50,000 மணி நேரத்துக்குப் பிரித்தால் வருவது நாலரை மைக்ரோ ஆம்பியர். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம்கூட அதைவிட அதிகமாகக் குடிக்கும். இப்போது ஒரு பேச்சுக்கு, மேல் படி ஒன்றில் உங்கள் சைட் 0.3 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 225 மில்லி ஆம்பியர் மணியை அதால் வகுத்தால் 750 மணி நேரம். ஒரு மாதம். வருடக்கணக்கிலிருந்து மாதக்கணக்குக்கு வருவதற்கு நடுவில் சில கிளிக்குகள்தான் இருக்கின்றன.

இதனால் நான் செய்வது என்னவென்றால், கம்பெனி சொன்ன படியை ஒரு அடிக்கல்லாக வைத்துக்கொள்வேன். வெயில் பரிசோதனையில் எனக்குக் கிடைத்த படி அதுவாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் யோசனையே வேண்டாம், விட்டுவிடலாம். ஒரு படி மேலே இருந்தால் பெட்டியில் போட்ட ஆயுளில் பாதிதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வேன், அப்போதும் வருடக்கணக்கில்தான் வரும். இரண்டு மூன்று படி மேலே என்றால் எப்போதும் எரியவிடும் எண்ணத்தையே கைவிட்டுவிட்டு, எடுக்கும்போது ஏற்றி வைக்கும்போது இறக்கும் பழக்கத்துக்கு வந்துவிடுவது நல்லது. உச்சத்தில் இருக்கும் அந்தக் கடைசிப் படியை விட்டுவைக்கும் அளவாக ஒருபோதும் நினைக்காதீர்கள், அது பனிமலை, பாலைவனம், எங்கள் ஊர்க் களம் இவற்றுக்காக வைத்த அவசரக் கதவு.

விட்டுவைக்கும் அளவு வேறு, சுடும் நேரத்து அளவு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரம் இருந்தால், உட்கார்ந்து அட்டையில் குண்டுகள் நெருக்கமாக ஓரிடத்தில் விழ வேண்டுமென்றால், தாராளமாக இரண்டு கிளிக் இறக்கிக்கொள்ளுங்கள், சின்னப் புள்ளிதான் துல்லியம். முடித்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும், அதை மறப்பதுதான் வழக்கமான விபத்து. எண் எழுதிய குமிழ் இருக்கும் சைட்டுக்கு அண்ணியின் நெயில் பாலிஷில் ஒரு சொட்டு வாங்கி அந்த எண்ணுக்கு நேரே வைத்தேன், இருட்டில்கூட விரலுக்குத் தட்டுப்படுகிறது. பொத்தான் அமுக்கும் சைட்டில் எண் கிடையாது. அடி வரை இறக்கிவிட்டு அங்கிருந்து எத்தனை அமுக்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள், மேலிருந்து எண்ணினால் குழம்பும்.

அடி வரை இறக்கும்போது புள்ளியே மறைந்துபோனால் பதற வேண்டாம். பல சைட்களில் கீழே உள்ள சில படிகள் இரவுநோக்குக் கருவிக்கானவை, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. டி-2 சைட்டில் அப்படி நான்கு படி உண்டு. கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் செத்துப்போன சைட் என்று பாதி விலைக்குக் கொடுக்கப் பார்த்தார், வாங்கி நாலு கிளிக் ஏற்றிக் காட்டினேன். நான் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்க வேண்டும் என்று மாமா மகன் இன்றைக்கும் சொல்கிறான்.

தானே அளவு பார்த்துக்கொள்ளும் சைட்டும் அசைந்தால் விழிக்கும் சைட்டும்

தானியங்கிப் பிரைட்னஸ் இருக்கிறதே, எதற்கு இத்தனை பாடு என்று கேட்கலாம். அதன் உணரி பார்ப்பது பெரும்பாலும் சைட் இருக்கும் இடத்து வெளிச்சத்தை. பம்புசெட் கொட்டகைக்குள் நீங்கள் நின்றால் அது இருட்டு என்று நினைத்துப் புள்ளியை இறக்கும், நீங்கள் பார்ப்பதோ வெளியே கொளுத்தும் வயலை. திண்ணையிலிருந்து தெருவைப் பார்த்தாலும், தோப்பின் அடர்நிழலிலிருந்து திடலைப் பார்த்தாலும் இதே கதை. தோப்பும் வெட்டவெளியும் வரப்புக்கு வரப்பு மாறிமாறி வருகிற நம் ஊரில் தானியங்கியை நான் நம்புவதில்லை. கைமுறை அளவு வைக்க வழி இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். வழியே இல்லாத சைட் என்றால் நிழலில் நின்று வெயிலைச் சுடாதீர்கள், வேறு மருந்து கிடையாது.

அசைந்தால் விழித்து, சும்மா இருந்தால் தூங்கும் ரகம் எனக்குப் பிடிக்கும். பேட்டரிக் கவலை பெரிதும் குறைகிறது, அதனால் ஒரு படி தாராளமாக வைக்கலாம். தூங்கி எழும்போது கடைசியாக வைத்த அளவிலேயே எழுகிறதா என்று வாங்கிய அன்றே பார்த்துக்கொள்ளுங்கள், நல்லவை அப்படித்தான் எழும். அப்புறம், வண்டியில் கட்டி ஆற்றங்கரைச் சாலையில் மன்னார்குடி வரை போனால் அது வழி முழுக்க விழித்தே இருக்கும், அதைத் தூங்கும் நேரமாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ற மாதிரி

மேட்டூர் ஜூன் 12க்குத் திறந்து குறுவை நட்டு வயல் பச்சைக் கம்பளமாக இருக்கும் மாதங்களில் ரெட் டாட்டுக்குக் கொண்டாட்டம், பச்சையின் மேல் சிவப்பு தனியாகத் தெரியும், குறைந்த படியே போதும். அந்தப் பச்சையில் பச்சைப் புள்ளி சைட் வைத்திருப்பவர்கள்தான் திண்டாடுவார்கள், மனிதக் கண் பச்சைக்குக் கூர்மையானது என்று சொல்லி விற்பது உண்மைதான் என்றாலும் வயல் முழுக்க அதே நிறமாக இருந்தால் அந்தக் கூர்மையால் லாபமில்லை. சம்பா அறுத்த பிறகு வைக்கோல் தாள் வெளிறிக் கிடக்கும் தை, மாசியில் ஒரு படி ஏற்ற வேண்டியிருக்கும். கொள்ளிடக்கரைச் செங்கல் சூளை, வல்லம் பக்கத்துச் செம்மண் மேடு மாதிரி சிவந்த பின்னணி வந்தால் வெளிச்சம் எவ்வளவு ஏற்றினாலும் நிறம் கலந்துபோகும். அங்கே பின்னணியை மாற்றுவதுதான் வழி, ஒரு சாக்கைத் தொங்கவிட்டாலே போதும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வானம் மூடியிருக்கும் நாட்களில் பகல் அளவு கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். மாற்றத் தோன்றினால் மாற்றுங்கள், நான் மாற்றுவதில்லை, பதினோரு மணிக்கு மழை விட்டுச் சுள்ளென்று வெயிலடித்தால் மறுபடி தேட வேண்டும். மார்கழி விடியலில் வயல் மேல் பனி இறங்கியிருக்கும்போது புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்ட மாதிரி தெரிந்தால் பிரைட்னஸில் கைவைக்கும் முன் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். ஏசி அறையில் வைத்துவிட்டு வெளியே எடுத்தாலும் நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு உடனே வியர்த்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரைக்காரர்கள் உப்புக்காற்றுக்குக் கண்ணாடியை வாரத்துக்கு ஒருதடவை துடைக்க வேண்டும், உப்புப் படலம் படிந்த கண்ணாடியில் எந்தப் படியில் வைத்தாலும் புள்ளி கலங்கல்தான்.

ராத்திரிக்கு என்று தனி அளவு வேண்டுமா? கரண்ட் போன தோப்பில் யாரும் சுடப்போவதில்லை, சுடவும் கூடாது, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையில் விரல் வைப்பது பாவம். ஆகவே இருட்டைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

பேட்டரி மாற்றும் நாள்

லித்தியம் பட்டன் பேட்டரி கடைசி வரை ஏறக்குறைய அதே மின்னழுத்தத்தில் நின்றுவிட்டு முடிவில் சட்டென்று சரியும். புள்ளி மங்கி மங்கி எச்சரிக்கும் என்று காத்திருந்தால் ஏமாறுவீர்கள். பெட்டியில் ஐந்து வருடம் என்று போட்டிருந்தாலும் வருடத்துக்கு ஒருதடவை மாற்றிவிடுவது என் வழக்கம், நாள் மறக்காமலிருக்க ஆயுத பூஜைக்கு முதல் நாள் வைத்திருக்கிறேன். அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் எல்லாம் கழுவித் துடைக்கும் அன்றைக்கே இதற்கும் எண்ணெய், துணி, புதுப் பேட்டரி. கழற்றிய பழையதை டிவி ரிமோட்டிலோ கார் சாவியிலோ போட்டுத் தீர்த்துவிடலாம், அவற்றுக்கும் அதே அளவு பேட்டரியாக இருந்தால்.

புதுப் பேட்டரி போட்டும் புள்ளி மினுக்கினால் பேட்டரியின் பக்கத்தைத் துணியால் அழுத்தித் துடையுங்கள், குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில பேட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள், அது தொடுமுனையில் தடையாக நிற்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டியிருந்தால் அதன் முன்னும் பின்னுமான உதையில் தொடுதகடு தளர்ந்தும் மினுக்கலாம், எல்லா சைட்டும் அந்த இரட்டை உதைக்குத் தாங்குபவை இல்லை, வாங்கும்போதே கேளுங்கள். பழைய பட்டன் பேட்டரிகளைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கும், வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மே மாதத்து வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் சைட்டை விட்டுவைக்காதீர்கள், சூடு பேட்டரியைச் சும்மாவே தின்னும்.

என் பன்னிரண்டு படி சைட் இப்போது எட்டில் நிற்கிறது, தோப்புக்குள் அட்டை சுடும்போது ஆறு, களம் பார்க்கிற நாளில் ஒன்பது. உங்களுடையது வேறாகத்தான் இருக்கும்.

பேட்டரி அடியில் போடும் சைட்டாக இருந்தால் மாற்றுவதற்கு மவுண்டிலிருந்து கழற்ற வேண்டிவரும். திரும்ப மாட்டி, திருகுகளைப் பழைய இறுக்கத்துக்கே கொண்டுவந்து, பத்து மீட்டரில் ஐந்து பெல்லட் போட்டு ஜீரோ நகர்ந்ததா என்று பார்த்துவிட்டு, நெயில் பாலிஷ் புள்ளிக்குக் குமிழைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பொரிகடலை சாப்பிடப் போவேன்.